அடம்பன் கொடியில் கட்டிய முடிச்சு

இது ஒரு கொடியையும் என் சின்னம்மாவையும் பற்றியது. என் கண்ணாற் கண்டவற்றையும், தனித்தனியே கேட்டபோது இருவர் ஒரே விதமாகச் சொன்னவற்றையும், பின்னாளில் தாவரவியல் படித்த காலத்தில் மணலில் முழங்காலிட்டுச் சோதித்தறிந்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். அம்மா ஒருவர் மட்டுமே கண்ட செய்தி ஒன்று இதில் உண்டு. அதை அம்மா கண்டதாகவே எழுதியிருக்கிறேன். ஒரு சிறுவயது நினைவுக்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். சின்னம்மா இன்று உயிரோடு இல்லை. நான் பிழையாக எழுதினால் திருத்துவதற்கு அவர் வரமாட்டார். முன்பு ஒருமுறை நான் பிழையாகச் சொன்னபோது அவர் என் அருகிலேயே நின்றிருந்தார்; அப்போதும் திருத்தவில்லை, நம்பினார். ஆகவே அழகுக்காக எதையும் சேர்ப்பதற்கு எனக்கு உரிமையில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் எங்கள் வீடு இருந்தது. ஒழுங்கையின் முடிவில் கடலோர வீதி. அதைக் கடந்தால் புகையிரதப் பாதை. பாதைக்கு அப்பால், கடல் கரையை அரிக்காதிருக்கப் போட்ட கருங்கற்கள். அக்கற்களுக்கு இடையே ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் மணல் எஞ்சியிருந்தது. ஒரு வகுப்பறையின் அளவுக்கு மேல் இராது. அந்த மணல் முழுவதையும் அடம்பன் கொடி பிடித்திருந்தது.

அடும்பு என்பது அதன் பழைய பெயர். இலை நடுவிற் பிளந்து ஆட்டின் குளம்புபோல இருக்கும். கிள்ளினால் பால் வடியும். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, புனல் வடிவம். விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறத் தளர்ந்து, பிற்பகலில் சுருண்டுவிடும். மறுநாள் காலையில் நாம் காண்பது வேறு பூ. உப்புக் காற்றும், சுடுமணலும், நிழலென்று ஒன்றுமே இல்லாத வெளியும் பிற செடிகளைக் கொல்லும். இதற்கோ அவையே ஊர். காற்று மணலை அள்ளிவந்து மூடினால் இது சாவதில்லை. மூடிய மணலைத் துளைத்துக்கொண்டு மேலே ஒரு தளிரை அனுப்பும். மறுபடி மூடினால் மறுபடியும் அனுப்பும். இப்படி மூடுந்தோறும் எழுவதால் அதன் காலடியில் மணல் தங்குகிறது. தங்கிய மணலே மேடாகிறது. கடற்கரை மேடுகள் பலவற்றைக் காற்று கட்டியதாகச் சொல்வார்கள். காற்று கொண்டுவந்து கொட்டுவதோடு சரி. பிடித்து வைத்திருப்பது இந்தக் கொடிதான்.

இவற்றில் எதையும் நான் அறிந்திராத வயதில், ஏழாம் வகுப்பின் முதலாந் தவணையில், விஞ்ஞான ஆசிரியை ஓர் ஒப்படை தந்தார். ஏதேனும் ஒரு தாவரத்தை ஒரு மாதம், நான்கு கிழமை, அவதானித்து, அளந்து, அட்டவணையும் வரைபும் கீறிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் தயிர்க்கோப்பையில் பஞ்சு வைத்துப் பயறு முளைக்கப் போட்டார்கள். எங்கள் பல்கணிக்கு வெயில் வராது. எதிர்க் கட்டடம் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வேறு வழியில்லாமையை ஒரு கொள்கையாக மாற்றி, நான் காட்டுத் தாவரம் ஒன்றை ஆராயப்போவதாக வகுப்பில் அறிவித்தேன்.

“றெயில் றோட்டுக்குப் பக்கத்தில நிக்கிற செடியெல்லோ, அதுக்கு டிக்கெட் எடுத்தனியோடி?” என்றாள் பக்கத்து வாங்குத் தோழி. “எடுக்காட்டி அடுத்த ஸ்டேசனில இறக்கி விட்டிடுவாங்கள்.”

வீட்டில் வரவேற்பு இன்னும் குறைவாக இருந்தது. “தண்டவாளத்தைத் தாண்டித் தனியப் போறதோ? காலை முறிப்பன்” என்று அம்மா தொடங்கினார். பிறகு ஏதோ நினைத்தவராய், அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார்: “சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போகட்டுமன். அவளுக்கும் கடற்காத்துப் பட்டால் நல்லமெல்லே.”

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. வன்னியில் மணம் முடித்தவர். போர் முடிந்து, முகாமில் இருந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சொல்லப்பட்டவை இரண்டே: சின்னம்மாவுக்குச் சுகமில்லை, அவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. பெரியவர்கள் கதைக்கும்போது என்னைப் பல்கணிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெயில் வராத அந்தப் பல்கணியில் நின்று, எதிர்வீட்டில் காயும் உடுப்புகளை நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

கதவுக்கு அப்பால் கதைக்கப்பட்டது என்னவென்று பின்னாளில் அறிந்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து வியப்பூட்டுவதற்கு ஏற்ற செய்தியன்று அது.

போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரையில், சின்னம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்தது. குழந்தையின் தந்தை அதற்கு முன்பே இறந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் பிரசவத் துடக்குக் கழிப்பதற்கு முன் குழந்தையும் இறந்தது. எங்கள் மரபில் பெரியவர்களை எரிப்பார்கள். பால்குடி மறவாத குழந்தையை எரிப்பதில்லை. புதைப்பார்கள், புதைத்த இடத்தில் பால் ஊற்றுவார்கள். அன்று ஊற்றுவதற்குப் பால் இருக்கவில்லை. அடையாளமாக நடுவதற்கு ஒரு கல்லும் இருக்கவில்லை. அது வெறும் மணல்மேடு. சின்னம்மா தம் நைலெக்ஸ் சீலையின் கரையைக் கிழித்து, புதைத்த இடத்தின்மேல் கிடந்த அடம்பன் கொடியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மற்றவர்களோடு நடந்தார். இதை அவரே அம்மாவிடம் சொன்னார். அன்று அவரோடு நடந்த பெண்ணொருவரைப் பல ஆண்டுகளின் பின், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கண்டு கேட்டேன். அவர் சொன்னதும் இதுவே.

அந்தக் கரைக்குப் போக அப்போது அனுமதி இருக்கவில்லை. சின்னம்மா காத்திருந்தார். பாதை திறந்ததும் போய், முடிச்சைத் தேடிக் கண்டு, அதன் கீழே பால் ஊற்றவேண்டும். எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றையே என்று அம்மா சொல்கிறார்.

முதற் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் இறங்கினோம். என் கையில் அம்மாவின் தையல் நாடா, இரண்டு ஐஸ்பழக் குச்சிகள், சிவப்புக் கம்பளி நூல், ஒரு கொப்பி. சின்னம்மாவின் கையில் ஒன்றுமில்லை. பாதையருகே நாங்கள் காலெடுத்து வைக்கும்போது, கற்களின்மேல் தூண்டிலோடு இருந்த ஒரு சிங்களவர் கையை உயர்த்திக் கத்தினார்: “நங்கி! கோச்சிய எனவா!” தங்கச்சி, வண்டி வருகிறதாம். நின்றோம். வாசலெல்லாம் மனிதர் தொங்க வண்டி எங்களைக் கடந்து கோட்டை நிலையத்தின் பக்கம் போனது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நான் மணலில் இறங்கி நாடாவை விரித்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. அந்த இடத்திலும் விடுதி கட்டப்போகிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ‘பள்ளிக்கூட வேலை’ என்று விளக்கிய பிறகே தூண்டிலை மறுபடி வீசினார்.

சின்னம்மா மணலில் இறங்கவில்லை. பாதையோரக் கல்லொன்றில் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே கீழே பார்த்தார்.

“இது அடம்பனெல்லோ.”

அவர் தாமாகக் கதைத்தது அபூர்வம் என்பதை நான் கவனிக்கவில்லை. அறிவைக் காட்டுவதற்கு ஒரு வாய்ப்பு என்பதை மட்டும் கவனித்தேன். “ஓம் சின்னம்மா. இலை ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும், பாத்தீங்களோ?”

“எனக்கோ காட்டுறாய்?” என்றார். ஏறக்குறையச் சிரித்தார். “நாங்கள் இதுக்கு மேல படுத்து எழும்பினனாங்கள், குஞ்சு.”

கொடியொன்றின் நுனிக்கு நேரே மணலில் ஒரு குச்சியைக் குத்தினேன். நுனியிலிருந்து சற்றுப் பின்னே, பச்சையும் சிவப்பும் கலந்த இளந்தண்டில், கம்பளி நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். முடிச்சுக்கு நேரேயும் ஒரு குச்சி குத்தினேன். நுனி எவ்வளவு போகிறது, முடிச்சு எவ்வளவு போகிறது என்று இரண்டையும் அளப்பது என் திட்டம். முதலாவதைத்தான் ஆசிரியை கேட்டிருந்தார். இரண்டாவது, அதிகப்பிரசங்கித்தனமாக நானே சேர்த்தது. நிமிர்ந்து பார்த்தபோது சின்னம்மா கல்லின் விளிம்புக்கு வந்து நின்று, என் கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வண்டி வருகிறதென்று எண்ணிக்கொண்டு நான் அவசரமாக மேலே ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை அளந்தேன். நுனி என் முழங்கையளவுக்கு மேல் ஓடியிருந்தது. முடிச்சும் தன் குச்சியை விட்டு ஏழு சென்ரிமீற்றர் முன்னே போயிருந்தது. கல்லின்மேல் நின்ற சின்னம்மாவிடம் இரண்டு அளவுகளையும் உரக்கச் சொன்னேன். 

இரண்டாம் கிழமை அளந்தபோது நுனி இன்னும் ஓடியிருந்தது. முடிச்சோ ஏழு சென்ரிமீற்றரிலேயே நின்றது. நாடாவைத் திருப்பிப் பிடித்து அளந்தேன். ஏழு. நூலைப் பிடித்துத் தண்டை மெல்லத் தூக்கினேன், வரவில்லை. முடிச்சுக்குப் பக்கத்துக் கணுவின் அடியிலிருந்து வெள்ளை மயிர்போல வேர்கள் மணலுக்குள் இறங்கியிருந்தன.

நான் கண்டது என்ன என்பதை இன்று தெளிவாகச் சொல்லமுடியும். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில், வேறொரு கரையில், பல கொடிகளில் பல முடிச்சுகளிட்டு இதே அளவை மறுபடி செய்தேன். கொடி ஓடுவது அதன் நுனியில். நுனியை ஒட்டிய சில கணுக்களுக்கு இடையிலுள்ள இளந்தண்டு மட்டுமே நீளும். அங்கே ஒரு முடிச்சு இருந்தால் அது சில நாளைக்குச் சிறிது முன்னே தள்ளப்படும். தண்டு முற்றிக் கணு வேரூன்றியதும் அந்த இடம் அந்த இடந்தான். முற்றிய தண்டில் நான் கட்டிய முடிச்சுகளில் ஒன்றுகூட நகரவில்லை. அடம்பன் முன்னே போகும். ஆனால் தான் வேர்விட்ட இடத்தை விட்டுப் போவதில்லை.

இந்த உண்மை முழுவதும் அந்த இரண்டாம் கிழமை, ஒரு சிவப்பு நூல், ஓர் ஏழு, கொஞ்சம் வெள்ளை வேர் என்ற வடிவில் என் கையில் இருந்தது. நான் அதைப் பிழையென்று கருதினேன். வளரும் தாவரத்தைப் பற்றிய அட்டவணையில் ஏழுக்குப் பின் ஏழு வருவது எனக்கு அழகாகப் படவில்லை. முதற் கிழமை ஏழென்றால் இரண்டாம் கிழமை பதினான்கு என்பதே முறை. தனியார் வகுப்பில் கணித ஆசிரியர் நேர்கோட்டு வரைபை அப்போதுதான் படிப்பித்திருந்தார். பதினான்கு என்று எழுதினேன். மூன்றாம், நான்காம் கிழமைகளில் முடிச்சை அளக்கவே இல்லை. இருபத்தொன்று, இருபத்தெட்டு என்பவற்றை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

அட்டவணையில் ‘காய்’ என்றும் ஒரு நிரல் இருந்தது. அது கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. நாள்தோறும் அத்தனை பூக்கள். கருவண்டுகள் ஒவ்வொன்றாகப் புகுந்து முதுகில் மகரந்தத்தோடு வெளிவரும். ஆனாலும் ஒரு காயைக்கூட அங்கே நான் கண்டதில்லை. அடம்பன் பொதுவாகத் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை, வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும் என்பதைப் பின்னர் படித்தேன். கற்களுக்கு இடையே அந்த மணலை நிரப்பியிருந்தது, எங்கிருந்தோ கடலில் மிதந்துவந்து முளைத்த ஒற்றை விதையின் ஒரே கொடியாக இருந்திருக்கலாம். அதை நான் சோதிக்கவில்லை. ஆகவே இருந்திருக்கலாம் என்பதோடு நிறுத்துகிறேன். அந்த வெறுமையான நிரலை நான் இட்டுக்கட்டி நிரப்பவில்லை. காய்க்கு வரைபு கீறத் தேவையில்லாதிருந்ததே காரணம், நேர்மையன்று.

நான்காம் கிழமை அளவுக்கு அடுத்த நாள், ஞாயிறு பிற்பகல், கூடத்துச் சாப்பாட்டு மேசையில் வரைபைக் கீறிக்கொண்டிருந்தேன். நுனிக்குப் பச்சைக் கோடு, முடிச்சுக்குச் சிவப்புக் கோடு. பச்சை சற்று வளைந்து நெளிந்திருந்தது, உண்மையாக அளந்த குற்றத்துக்காக. சிவப்பு அடிமட்டம் வைத்ததுபோல நேராக இருந்தது. சின்னம்மா அறையிலிருந்து வந்து என் தோளுக்குப் பின்னே நின்றார்.

“இது என்ன கோடு, குஞ்சு?”

“பச்சை நுனி. சிவப்பு முடிச்சு.”

“முடிச்சும் போகுமோ?”

“ஓம் சின்னம்மா. கிழமைக்கு ஏழு சென்ரிமீற்றர்.”

அவர் கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தார். “கட்டின இடத்தில நிக்காதோ?”

“நிக்காது. கொடி இழுத்துக்கொண்டு போகும். பாருங்கோவன், எவ்வளவு நேராப் போகுது.”

“நீ வடிவாப் பாத்தனியோ?”

“நான்கு கிழமையும் அளந்தேன்,” என்றேன். சிறுபிள்ளையின் பேச்சுத்தமிழ் அந்த இடத்தில் எழுத்துத்தமிழாகிவிட்டது. பொய்க்கு ஒரு கண்ணியம் வேண்டியிருந்தது.

“ரெண்டு வருசத்துக்கு எவ்வளவு வரும்?”

என் ஒப்படையைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. மகிழ்ச்சியோடு பெருக்கினேன். நூற்று நான்கு கிழமை, கிழமைக்கு ஏழு. “ஏழு மீற்றர் இருபத்தெட்டு சென்ரிமீற்றர்.”

“எந்தப் பக்கம்?”

யோசித்தேன். கடற்கரையில் கொடிகள் கடலை நோக்கியும், கற்களை நோக்கியும், ஒன்றன்மேல் ஒன்றாகவும் போனதைக் கண்டிருந்தேன். “அதுக்குப் பக்கமெண்டு இல்லைச் சின்னம்மா. எந்தப் பக்கமும் போகும்.”

ஒரு மீற்றர் என்பது எவ்வளவு என்று காட்டச் சொன்னார். தையல் நாடாவைத் தரையில் நீட்டிக் காட்டினேன். அவர் அதன்மேல் ஓர் அகன்ற எட்டு வைத்துப் பார்த்தார். பிறகு மேசையோரத்திலிருந்து அதே எட்டுகளை எண்ணிக்கொண்டு நடந்தார். ஐந்தாவது எட்டில் சுவர் வந்துவிட்டது. அந்த இடத்தில் நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

“எங்கட ஹோல் காணாது,” என்று நான் சிரித்தேன்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, ரெண்டு பேரும் எட்டுக்கோடு விளையாடுறீங்களோ?” என்றார். அவர் குரலில் பல நாட்களுக்குப் பின் ஒரு தெளிவு இருந்தது. தங்கை நடக்கிறாள், பிள்ளை சிரிக்கிறாள்.

“ஒண்டுமில்லை அக்கா,” என்றார் சின்னம்மா. சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அம்மா அதைக் கடற்காற்றின் குற்றமாகக் கொண்டு, இனிமேல் விடியற்காலையில் வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று என்னைத் தடுத்தார். ஒப்படை முடிந்துவிட்டதால் எனக்கும் அதில் இழப்பு இருக்கவில்லை. ஆசிரியை இருபதுக்கு இருபது தந்து, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தார். அதைச் சின்னம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். நட்சத்திரத்தின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். “அப்ப சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

முல்லைத்தீவுக் கரைக்குப் போக விட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அம்மாவும் சின்னம்மாவும் போனார்கள். என்னைப் பரீட்சை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளில் திரும்பி வந்தார்கள். சின்னம்மா நேரே அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா குசினியில் அப்பாவுக்குச் சொன்னார். இம்முறை என்னைப் பல்கணிக்கு அனுப்ப மறந்துவிட்டார்கள். அம்மா அன்று சொன்னதையும், சில ஆண்டுகளுக்கு முன் நான் மறுபடி கேட்டபோது சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், வேறுபாடு இல்லை.

கரை முழுவதும் அடம்பன் மூடிக் கிடந்தது. சின்னம்மா அதற்குள் இரண்டு மணி நேரம் குனிந்து குனிந்து தேடினார். தேடிக் கண்டும்விட்டார். மணலில் பாதி புதைந்த கொடியில், வெளிறிப்போன நைலெக்ஸ் துண்டு, போட்ட முடிச்சு அவிழாமல். அம்மா தான் கொண்டுபோன பால் போத்தலைத் திறந்து நீட்டினார். சின்னம்மா வாங்கினார், ஆனால் அந்த இடத்தில் ஊற்றவில்லை.

“நான் சொன்னன், ‘ஊத்தன் தங்கச்சி, இதுதானே இடம்’ எண்டு,” என்றார் அம்மா. “அவள் தலையை ஆட்டிப்போட்டுச் சொல்லுறாள், ‘இல்லை அக்கா, இது நகந்திருக்கும், பிள்ளை கணக்குப் போட்டவள்’ எண்டு.”

அங்கிருந்து ஏழு அகன்ற எட்டுகள் எண்ணிப் போனாராம். எந்தப் பக்கம் என்று தெரியாததால், முடிச்சை நடுவாக வைத்து ஒரு பெரிய வட்டமாக நடந்து, போகப் போகப் பாலைத் துளித்துளியாகத் தெளித்தாராம். வட்டம் முடியுமுன் பால் முடிந்துவிட்டதாம். போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடி மிச்ச வட்டத்தையும் நடந்து முடித்தாராம். முடிச்சு இருந்த இடத்தில் ஒரு துளியும் விழவில்லை.

 அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், திட்டவுமில்லை, அழவுமில்லை. நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். சின்னம்மாவுக்கு ஒரு குழந்தை இருந்தது என்பதை அப்போதுதான் முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டிருந்தேன். அதற்காக வருந்தவும் செய்தேன். ஆயினும் அந்த வருத்தத்தின் ஓரத்தில், இரண்டாண்டுக்கு முந்திய என் அளவை ஒரு பெரியவர் மறக்காமல் வைத்திருந்து, வேண்டிய இடத்தில் பயன்படுத்தினார் என்ற பெருமையும் இருந்தது. சின்னம்மா திசை தெரியாமல் தடுமாறாமல் வட்டமாக நடந்தது நல்ல முறை என்றுகூட எண்ணினேன்.

சின்னம்மா பிறகு ஹெந்தளையில் ஒரு தையல் வேலைக்குப் போனார். நான் உயர்தரம் படிக்கும்போது சிறுநீரக நோயால் இறந்தார். வேறொரு கரையில் நான் முடிச்சுகள் கட்டி உண்மையை அறிந்தது அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்.

இனி, நான் அறியாதவை. அந்தக் குழந்தையை அவர் ஏதேனும் பெயர் சொல்லி அழைத்தாரா என்பது அம்மாவுக்கும் தெரியாது. சீலைக்கரையை அவர் கட்டியது கொடியின் இளந்தண்டிலா, முற்றிய தண்டிலா என்பது தெரியாது. முற்றிய தண்டாயின் முடிச்சு நகர்ந்திராது. ஆயினும் இடையில் வந்த மாரிக்காலங்களில் மணல்மேடே இடம் மாறியிருக்கவும் கூடும், அதை எவரும் அளக்கவில்லை. முடிச்சு இருந்த இடத்தின் கீழே குழந்தை இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.